கவுன்சலிங்குக்கு முன் ஒரு தாள் எழுதுங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் ரேங்க் வந்த அன்றே காசிமேட்டிலிருந்து கொடுங்கையூர் வரை எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) எடுத்துடு, மரியாதை இருக்கும்." கோட்டை ரயில் நிலையம் பக்கத்துத் தேர்வாணைய அலுவலகத்தில் பணியிடம் தேர்ந்தெடுக்கும் கவுன்சலிங்கில் உங்கள் முறை வரும்போது, திரையில் துறை, மாவட்டம், மிச்ச இடங்கள் தெரியும். யோசிக்கக் கிடைப்பது சில நிமிடம்தான். எடுத்தபின் மாற்ற முடியாது. அந்த நேரத்தில் சித்தப்பா சொன்னதுதான் காதில் ஒலிக்கும்.

வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர், தட்டச்சர் மூவருக்கும் ஊதிய நிலை 8, தொடக்கம் ரூ.19,500. அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருக்கும்போது பெரிய போஸ்ட், சின்ன போஸ்ட் என்று பிரிப்பது முழுக்க அந்தஸ்துக் கணக்கு. மாறுவது தினசரி வேலை.

வி.ஏ.ஓ. என்றால் வயலில் இறங்கிப் பயிர் பார்த்து அடங்கல் (பயிர்க் கணக்குப் பதிவேடு) எழுதணும். சாதி, வருமானச் சான்றுக்கு விசாரிக்கணும். ஜமாபந்திக்கு, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு, கணக்கு முடிக்கணும். வெள்ளம் வந்தால் ராத்திரி பகல் கிடையாது. பொறுப்புக் கிராமத்திலேயே குடியிருக்கணும் என்பது விதி. இளநிலை உதவியாளர் தபாலைத் தன்பதிவேட்டில் (தன் மேசைக்கு வரும் தபால்களைக் குறிக்கும் பதிவேடு) ஏற்றி, கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புகிறார். மனு கொடுத்தவர் முகத்தைப் பார்க்காமலே பல நாள் போகும். ஆனால் அவர் மேசையில் ஒரு கோப்பு தங்கினால், கணவரை இழந்த ஒரு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தங்கிவிடும்.

இனி தாள். மூன்று கட்டம் போடுங்கள்.

முதல் கட்டத்தில் உங்களுக்கு முக்கியமானவை மூன்றே மூன்று. நேர்மை, சேவை, குடும்பம் என்று எழுதி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அதை வைத்து எந்தத் துறையையும் பட்டியலிலிருந்து அடிக்க முடியாது. "குடும்பம்" என்பதை "அம்மாவுக்கு ஸ்டான்லியில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், நான் கூட இருக்கணும்" என்று எழுதுங்கள். "சேவை" என்பதை "மனுவோடு வருகிறவரிடம் நேரில் பேசி முடித்துக் கொடுக்கணும்" என்று எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தில் அதற்கான நாள், நேரம், ஊர். மூன்றாவதில் அதற்கு ஒத்துவராத துறைகளும் மாவட்டங்களும். டயாலிசிஸ் என்று எழுதியவர் வெளிமாவட்ட வி.ஏ.ஓ. பணியை அரை நிமிடத்தில் அடித்துவிடுவார்.

மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: இந்த வேலையில் இருப்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவே முடியாது என்றால் எடுப்பேனா? மற்றதெல்லாம் மறந்தாலும் இதை விடாதீர்கள்.

தவறு நடக்கும் இடங்கள்:

- ஒரே விருப்பத்தோடு போவது. முன்னால் இருப்பவர் எடுத்துவிட்டால் கை நடுங்கும். குறைந்தது எட்டு விருப்பங்களை வரிசைப்படுத்துங்கள்.
- தேர்வாணைய இணையதளத்தில் வரும் காலியிட நிலவரத்தை முதல்நாள் இரவு பார்க்காமல் விடுவது.
- வீட்டுப் பெரியவர்களிடம் தாளைக் காட்டாமல் வைத்திருந்து, காலையில் பஸ்ஸில் சண்டை போடுவது. ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள்.
- "சேர்ந்துட்டு குரூப் 2 படிக்கலாம்." சரி, எந்த மணிக்கு? இரண்டாவது கட்டத்தில் எழுதுங்கள்.

ரேங்க் வராதவர்களுக்கு இந்தத் தாள் இன்னும் அவசியம். மனுவோடு வருகிறவருக்கு உதவணும் என்று எழுதியவர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆள் எடுக்கும்போது சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம். மதிப்பூதியம் சொற்பம்தான், செய்ய நினைத்த வேலை அதுவேதான். திரும்பப் படிப்பதென்றால் பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசுப் பயிற்சி மையம் இருக்கிறது, கொளத்தூரில் உட்கார்ந்து படிக்க முதல்வர் படைப்பகம் இருக்கிறது. இன்னும் எத்தனை முறை எழுதுவீர்கள் என்ற எண்ணைத் தாளின் அடியில் இப்போதே போட்டு, பக்கத்தில் தேதியும் போடுங்கள்.