கலிப்பரை மாற்ற முதல் திறந்து பாருங்கோ

டிஸ்க் பிரேக்கில், சில்லோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் பாட்களால் நெரித்துப் பிடிக்கிற உறுப்புத்தான் கலிப்பர். அதன் இரும்பு உடம்பு பழுதாவது மிகக் குறைவு. உள்ளே இருக்கிற ஒரு சீல், வாயை மூடுகிற தூசி றப்பர், பாட்டைத் தள்ளுகிற பிஸ்டனின் மேற்பரப்பு, கலிப்பர் வழுக்கி ஓடுகிற இரண்டு ஸ்லைட் பின், பழுதாவது இவைதான். இவற்றுக்காக முழுக் கலிப்பரையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பெட்டியில் வந்ததைப் பூட்டுகிற பழக்கம் வன்னியிலும் கூடிவருகிறது. "தம்பி, மினக்கெடாமல் புதுசைப் போட்டுவிடுங்கோ" என்று வாகனக்காரர் அவசரப்படுத்தும்போது மறுத்துச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் திருத்திச் செய்வதா மாற்றுவதா என்பதைத் திறந்து பார்த்தபின்தான் முடிவெடுக்கவேண்டும். திறக்கமுதல் சொல்கிற எந்தப் பதிலும் ஊகம்.

எங்கள் பக்கத்து வாகனங்களில் இந்தப் பழுது வேளைக்கே வருகிறது. ஏ9 காப்பெற் வீதியாக இருந்தாலும் மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்வீதிகளில் இறங்கினால் கிறவல்தான். கோடையில் அந்தச் சிவப்புப் புழுதி தூசி றப்பரின் மடிப்புக்குள் ஏறி இருந்துவிடும். மாரியில் தண்ணீர் பாயும் பாதையைக் கடக்கும்போது அதுவே சேறாகும். றப்பரில் சின்னக் கிழிசல் இருந்தால் போதும், ஈரம் உள்ளே போய்ப் பிஸ்டனைக் கறள் பிடிக்க வைக்கும். முல்லைத்தீவு, மாத்தளன் கரையோரத்தில் உப்புக்காற்றும் சேரும். எல்லாவற்றிலும் மோசம் ஓடாமல் நிற்பது. வெளிநாட்டில் இருக்கிறவர் வரும்போது மட்டும் எடுக்கிற வான் தறப்பாளுக்குக் கீழே ஒரு மாரி முழுக்க நின்றால், பிஸ்டன் இருந்த இடத்திலேயே இறுகிப்போகும்.

பிரேக் பிடித்தபடி விடாமல் நிற்பதற்குக் கலிப்பர் மட்டும் காரணம் இல்லை. கழற்றுகிற சாவியை எடுக்கமுதல் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சில்லைத் தூக்கி, அது இறுகி நிற்கும்போதே காற்று எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் திறக்கவேண்டும். பிரேக் ஒயில் பீறிட்டுச் சில்லு இலகுவாகச் சுற்றினால் கலிப்பரில் பிழை இல்லை, அழுத்தம் எங்கோ அடைபட்டு நிற்கிறது. அடுத்த முறை இறுகும்போது நிப்பிளைத் தொடாமல், றப்பர் ஹோசுக்கு மேலே இரும்புக் குழாய் பூட்டியிருக்கிற நட்டைத் தளர்த்திப் பார்க்கவேண்டும். அங்கே இறுக்கம் விட்டால் பிழை மிதியோடு சேர்ந்த மாஸ்ரர் சிலிண்டர் பக்கம். அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ் உள்ளே பிய்ந்து, ஒயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் மறிக்கிறது. வெளியே பார்க்க ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சில்லு இறுக்கமாகவே நின்றால்தான் பிழை பிஸ்டனிலோ ஸ்லைட் பின்னிலோ. இந்தச் சோதனை செய்யாததால் நல்ல கலிப்பர்கள் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கின்றன. புதியதைப் பூட்டியும் சில்லு சூடாகிறதென்று வாகனம் திரும்பி வந்த பிறகுதான் ஹோசை மாற்றுவார்கள்.

செய்யலாமா என்று தெரிய, சீல் வேலை செய்கிற விதம் தெரியவேண்டும். சதுர வெட்டுள்ள ஒரு றப்பர் வளையம் கலிப்பரின் துளைக்குள் வெட்டிய காடியில் இருக்கிறது. மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போக, வளையத்தின் உள்விளிம்பும் அதோடு சாய்கிறது. காலை எடுத்ததும் வளையம் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னே இழுக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திருப்பி எடுக்கத் தனி ஸ்பிரிங் கிடையாது, இந்த றப்பர்தான் அந்த வேலையைச் செய்கிறது. றப்பர் வைரித்தாலோ, காடிக்குள் கறள் சேர்ந்து வளையத்தைப் பிஸ்டனோடு நெரித்தாலோ பிஸ்டன் திரும்பாது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஒயிலை மறிக்கிற இடம் பிஸ்டனின் வெளிமுகம், துளையின் சுவர் அல்ல. சுவரில் ஓரளவு கறள் குழி இருந்தாலும் கலிப்பர் ஒழுகாது. பின்சில்லு ட்ரம் பிரேக்கின் வீல் சிலிண்டரில் நிலைமை நேர்மாறு. அங்கே கப் சீல் பிஸ்டனோடு சேர்ந்து சுவரில் ஓடுகிறது, சுவரில் குழி இருந்தால் சிலிண்டரை எறியத்தான் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கலிப்பர் துளையை எமரி போட்டுத் தேய்த்துப் பெரிதாக்குவது வீண்வேலை. கவனமெல்லாம் காடியில் இருக்கவேண்டும். மரக்குச்சியாலோ பித்தளைத் தூரிகையாலோ சுரண்டி, மூலை தெரியும்வரை துப்புரவாக்கவேண்டும். ஸ்குறூ டிரைவர் நுனி காடியைக் கீறும், கீறினால் ஒழுகும்.

பிஸ்டனை வெளியே எடுக்க நல்ல வழி, ஹோசைக் கழற்றாமல் வாகனத்தின் பிரேக்கையே மிதிப்பது. இறுகிய பிஸ்டனுக்குக் கொம்பிறசர் காற்றைவிடப் பிரேக் ஒயிலின் அழுத்தம் பல மடங்கு கூட. ஏற்கெனவே கழற்றிவிட்டால் காற்றுத்தான் வழி: 30 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, பிஸ்டனுக்கு முன்னால் பலகைத் துண்டும் துணியும் வைத்து, மெதுவாக ஏற்றவேண்டும். விரலை முன்னால் வைக்கவே கூடாது. பாய்ந்து வருகிற பிஸ்டன் எலும்பை முறிக்கும்.

வெளியே வந்ததும் பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்கவேண்டும். மங்கல், கறை ஆகியவற்றால் பிரச்சினை இல்லை, ஸ்பிரிட்டில் துடைத்தால் போகும். குரோம் பூச்சு கிளம்பி, நகம் ஓட்டும்போது தட்டுப்படுகிற குழி சீல் ஓடும் பகுதியில் இருந்தால் அந்தப் பிஸ்டன் முடிந்தது. எமரியால் தேய்த்து மினுக்கினால் மிச்சக் குரோமும் போய், அடுத்த மாரிக்குள் திரும்பக் கறள் பிடிக்கும். பல வாகனங்களுக்குப் பிஸ்டன் தனியாகவும் வாங்கலாம். வேர்ணியரால் விட்டம் அளந்து கொண்டுபோங்கோ. ஒரே மொடலுக்கு இரண்டு மூன்று அளவு வருவதுண்டு, வாகனப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பிழையான கிட்தான் (சீலும் தூசி றப்பரும் சேர்ந்த பொதி) கையில் வரும்.

இனிக் கழுவுதல். எங்கள் வேலைத்தலங்களில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவார்கள். என்ஜின் சாமானுக்கு அது சரி. பிரேக் றப்பருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், சாதாரண கிறீஸ் எதுவும் ஆகாது. பட்டால் றப்பர் ஊதி மெதுமையாகி, பூட்டிக் கொஞ்ச நாளில் பிஸ்டனைத் திரும்ப இறுக்கும். ஸ்பிரிட், பிரேக் கிளீனர், அல்லது புதிய பிரேக் ஒயில், இவற்றால் மட்டும் கழுவலாம். சீலையும் பிஸ்டனையும் புதிய பிரேக் ஒயிலில் நனைத்து, வளையம் முறுகாமல் காடியில் இருத்தி, பிஸ்டனைக் கையாலேயே நேராக அமுக்கவேண்டும். சுத்தியலால் தட்டவேண்டி வந்தால் ஏதோ சரியாக இருக்கவில்லை என்று அர்த்தம், கழற்றித் திரும்பப் பாருங்கோ.

ஸ்லைட் பின் இரண்டும் ஒரே மாதிரித் தெரிந்தாலும் பலவற்றில் ஒன்றின் நுனியில் றப்பர் புஷ் இருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே குறித்துவைக்கவேண்டும். உள் பாட் தேய்ந்து வெளிப் பாட் அப்படியே இருந்தால் முதலில் இந்தப் பின்களைச் சந்தேகியுங்கோ. பின் ஓடாவிட்டால் வெளிப் பாட் டிஸ்க்குக்கு வராது. பிரேக்குக்கு உரிய சிலிக்கோன் கிறீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். அள்ளி நிரப்பினால் காற்று அடைபட்டுப் பின் துள்ளும்.

எப்போது புதியது வாங்குவது? பிஸ்டன் முடிந்து, தனியாக வாங்கவும் கிடைக்காவிட்டால். நிப்பிள் உள்ளே முறிந்து, துளைத்து எடுக்கும்போது அது அமர்கிற கூம்பும் போனால். காடி அரிக்கப்பட்டிருந்தால். ஹாண்ட் பிரேக்கும் சேர்ந்த பின்சில்லுக் கலிப்பரில் உள்ளே இருக்கிற திருகாணி தேய்ந்திருந்தால். வேறு காரணத்துக்கு வாங்கச் சொல்லமாட்டோம். நிப்பிள் முறியாமல் இருக்க, கறள் எண்ணெய் விட்டு, தட்டி, முதலில் மெல்ல இறுக்கிப் பிறகு தளர்த்தவேண்டும். ஆறுமுகச் சாவி அவசியம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வருகிற ஜப்பான் ரீகண்டிஷன் கலிப்பர் ஒரிஜினல்தான், ஆனால் அதுவும் பழையதுதான். பனிக்கு உப்புப் போடுகிற ஊரில் ஓடியதாக இருக்கலாம். அதற்கும் கிட் மாற்றாமல் பூட்டக்கூடாது. மலிவான புதிய நகல்களில் வார்ப்பு நன்றாக இருந்தாலும் தூசி றப்பர் சீக்கிரம் வெடிக்கும். எங்கள் கிறவலுக்கு அது பெரிய குறை. பெட்டியில் இருந்து எடுத்ததும் அதன் றப்பரை நல்ல கிட் றப்பரால் மாற்றினால் அந்தக் கலிப்பர் தப்பும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் செய்து ஓடுவதைத் தவிர வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசமும் பழைய வாகனங்களே ஓடின. கலிப்பர் செய்யத் தெரிந்த கை அப்போதும் தேவைப்பட்டது.

எது பூட்டினாலும் ஒரு பக்கம் மட்டும் செய்யக்கூடாது, வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். ஹோஸ் போல்ட்டின் செப்பு வொஷர் இரண்டும் புதிது. இறுக்கம் பெரும்பாலான கார்களில் 30 நியூற்றன் மீற்றர் அளவு. பூட்டியபின் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கோ. இடது வலது மாறிப் பூட்டினால் நிப்பிள் கீழே போய், எத்தனை போத்தல் ஒயில் விட்டாலும் காற்று வெளியே வராது. பிரேக் ஒயிலின் தரம் டொட் 3 என்றால் டொட் 3, தாங்கி மூடியில் எழுதியிருப்பதுதான். திறந்து பல மாதம் வைத்த போத்தல் வேண்டாம். டொட் 3 புதிதாக 205 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சினால் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கும். நெல் மூட்டை ஏற்றிய வாகனம் அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது மிதி பஞ்சாகிப் போவது இதனால்தான்.

வாகனத்தை நகர்த்தமுதல் மிதி கட்டியாக வரும்வரை மிதித்துவிடுங்கோ. முதல் மிதி பெரும்பாலும் வெறுமையாக இறங்கும். பிறகு வெறும் வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 10 வரை, சில்லை இறுக்கி நிறுத்தாமல், இடைவெளி விட்டு எட்டுப் பத்துத் தடவை பிடிக்கவேண்டும். நிறுத்தியதும் இரண்டு முன்சில்லுக்கும் கிட்டப் புறங்கையைப் பிடித்துப் பாருங்கோ. சூடு ஒரே அளவாக இருந்தால் வாகனத்தைக் கொடுக்கலாம். ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கத்தின் ஸ்லைட் பின்னைத் திரும்பக் கழற்றுங்கோ.