இரும்பு மாத்திரையும் விடியற்காலைத் தேத்தண்ணியும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாலு ஞாயிற்றுக்கிழமை சுகாதாரத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். 14 பெண்கள், இடம் பிள்ளைக் காம்பரா, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். ஏன் ஞாயிற்றுக்கிழமை என்றால், மற்ற நாளில் வந்தால் பேர் போய்விடும். (மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பறித்த கொழுந்தின் நிறை போதவில்லை என்றால் அரைப்பேர்தான்.) கர்ப்பிணிகள் ஏன் கிளினிக்குக்கு வருவதில்லை, விழிப்புணர்வே இல்லை என்று கூட்டங்களில் அங்கலாய்ப்பவர்கள் இந்தப் பேர்க் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் பாடம் குருதிச்சோகை. இந்த வார்த்தையைச் சொன்னதுமே பாதிப் பேரின் முகம் மூடிக்கொண்டது. கையேட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள், போசாக்கு, நுண்போசணை என்று இன்னும் என்னென்னவோ இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் அப்படிப் பேசுவதில்லை, "ரத்தம் கொறவு" என்பார்கள், இல்லை "வெளுத்துப்போயிட்டா" என்பார்கள். சரி, கையேட்டை மூடிவிட்டு ரத்தம் குறைவு என்றே ஆரம்பித்தேன். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தம் குறைவு, கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தினமும் போட வேண்டும், தேத்தண்ணியோடு மட்டும் போடக்கூடாது, தேயிலையில் இருக்கும் சாயச் சத்து இரும்பை உடம்பில் சேர விடாது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், மெதுவாகக் கேட்டார்: "அப்ப எதுல முழுங்கச் சொல்றது மிஸ்?"

"தண்ணியில."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். விடியற்காலை நாலரைக்கு எழும்பி, அந்தக் குளிரில், அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டி, பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஓடுகிற மனுஷி பச்சைத் தண்ணியில் மாத்திரை போடுவாளா? அந்த நேரத்தில் கையில் இருப்பது தேத்தண்ணிக் கோப்பைதான். மாத்திரையும் அதிலேயே இறங்கிவிடுகிறது. தேயிலை பறிக்கிறவளுடைய ரத்தத்துக்குத் தேயிலையே தடை என்பதில் ஒரு குரூரம் இருக்கிறது, ஆனால் அதற்காகத் தேத்தண்ணியை விடு என்று சொன்னால் அடுத்த தடவை கதவைத் திறக்க மாட்டார்கள்.

வழியைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். ராச்சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிப் பாயை விரிக்கும் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணியில் போடுவது, சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கிற வீடு என்றால் ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடுவது, தேசிக்காய் கிடைத்தால் பிழிந்துகொள்வது. காலையில் குமட்டல் வருகிறவர்களுக்கும் இரவு தோதாக இருக்கும். நான் கொண்டுபோன கையேட்டில் மாத்திரையின் அளவு இருந்தது, பாய் விரிக்கும் நேரம் இல்லை.

இன்னொன்று. இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதனால் ஆபத்தில்லை, ஆனால் கிளினிக் நெரிசலில் அதை எடுத்துச் சொல்ல யாருக்கு நேரம், அதுவும் தமிழில்? தொண்டர்களில் ஒருத்தியே இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது பயந்துபோய் முழு மாத்திரை அட்டையையும் கூரைத் தகரத்துக்கு இடையில் செருகி வைத்தாளாம். "உள்ளுக்கு ஏதோ அழுகிப்போச்சின்னு நெனச்சேன் மிஸ்." இதை அவள் சொன்ன பிறகு இன்னும் மூன்று பேர் தாங்கள் ஒளித்து வைத்த இடங்களைச் சொன்னார்கள். அன்றைய நாளில் உருப்படியான பாடம் அதுதான்.

அதனால் இரண்டாவது ஞாயிறில் இருந்து பாதி நேரம் வாசல் பேச்சுக்கு, வீட்டு வாசலில் நின்று பேசுவதை நடித்துப் பழக, ஒதுக்கினேன். ஒருத்தி மாமியார், ஒருத்தி மருமகள், ஒருத்தி தொண்டர். "ஒம்பது பெத்தேன், ஒரு மாத்திர போடல" என்று மாமியார் வேடம் போட்டவள் இடுப்பில் கை வைத்து நின்ற அழகில் தொண்டருக்குப் பேச்சே வரவில்லை. இப்படிப்பட்ட மாமியாரை அங்கேயே சந்தித்துவிடுவது நல்லது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் வேறொரு தோட்டத்தில், நிறை குறைந்த பிள்ளைகளின் பெயரை எழுதிப் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டினேன். யார் வீட்டுக்குத் தொண்டர் அடிக்கடி போக வேண்டும் என்று தெரியட்டும் என்பதுதான் நோக்கம். மத்தியானத்துக்குள் எல்லோரும் தண்ணி எடுக்க வரும் பீலிக்கரை முழுக்க அந்தப் பெயர்கள் தெரிந்துவிட்டன. ஒரு தாய் பிள்ளையை நிறை பார்க்கக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டாள். அவள் குடும்பம் பிள்ளைக்குச் சாப்பாடு போடாமல் வளர்க்கிறது என்று ஊரே பேசியிருக்கிறது. நான் இரண்டு தடவை போயும் அவள் வெளியே வரவில்லை.

லயத்தில் ரகசியம் காப்பது லேசான காரியம் இல்லை. ஒரு காம்பராவில் தும்மினால் நாலாவது காம்பராவில் கேட்கும். தொண்டர் யாரோ ஒருவர் இல்லை, பக்கத்துக் காம்பரா சித்தி, கோயில் கணக்கில் சண்டை போட்ட அக்கா. அவளிடம் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அந்தச் சொல் பீலிக்குப் போகாது என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும். இப்போது கொப்பியில் பெயர் எழுதுவதில்லை, ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் புரிகிற ஒரு குறி போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தி மரக்கறிகளாகப் போட்டிருக்கிறாள். லீக்ஸுக்கு எட்டு மாதம், கரட்டுக்கு ஆறு.

பிரஷர், வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்களின் வாயில் வரும் வெள்ளைத் தழும்பு, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைப்பது, அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து எந்தப் பிரிவு, எந்த லயம் என்று தெளிவாகச் சொல்வது, இதெல்லாமும் பார்த்தோம். அவை சுலபமாகப் போயின.

சுலபமாகப் போகாதது ஒன்று. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்துக் கை தட்டிய பிறகு அதே ஓய்வுபெற்ற அக்கா கேட்டார்: "இதுக்கு ஏதும் குடுப்பாங்களா மிஸ்?" ஒன்றும் கிடையாது என்றேன். பயிற்சியை ஏற்பாடு செய்தவர்களிடம் குடையும் டார்ச்சுமாவது கேட்டிருந்தேன், பட்ஜெட்டில் இல்லை என்று பதில் வந்தது. பதாகைக்கு இருந்தது.

அக்கா சான்றிதழை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, மேட்டு லயத்துக்கு நான் அந்திக்கே போய்ட்டு வந்துர்றேன், இருட்டுனா அட்டை கடி தாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.