வெள்ளி இரவு டப்ளின், சனி மதியம் பெல்ஃபாஸ்ட்: ஒரே வார இறுதியில் இரண்டு கால்பந்து லீக்

அயர்லாந்து வரை போய்விட்டு, கால்பந்து பார்க்க அங்கிருந்து மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தப் பணத்தில் ஒரு முழு வார இறுதியை அயர்லாந்திலேயே மைதானம் மைதானமாகச் சுற்றிக் கழிக்கலாம். ஆடுகளத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். டிக்கெட் தெற்கே அயர்லாந்துக் குடியரசில் சுமார் 15 முதல் 20 யூரோ, வடக்கே வட அயர்லாந்தில் அதைவிடக் கொஞ்சம் மலிவு. ஆனால் தேதி, விசா, ரயில் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி வர வேண்டும். ஒன்று பிசகினாலும் பட்ஜெட் எகிறிவிடும்.

இந்தச் சின்னத் தீவில் இரண்டு லீக் நடக்கிறது. குடியரசில் லீக் ஆஃப் அயர்லாந்து, வட அயர்லாந்தில் 1890இல் தொடங்கிய ஐரிஷ் லீக். முதலாவது 2003இலிருந்து கோடைக்கால லீக். பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கம் வரை போகும். பெரும்பாலான ஆட்டங்கள் வெள்ளி இரவு 7:45க்கு. வடக்கில் ஆகஸ்ட் முதல் மே தொடக்கம் வரை, பெரும்பாலும் சனி பிற்பகல் 3 மணிக்கு. இரண்டும் சேர்ந்து நடக்கும் மாதங்களில் போனால் ஒரே வார இறுதியில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

எந்த மாதம்? ஏப்ரல்தான், சந்தேகமே வேண்டாம். பிப்ரவரியில் குளிர் எலும்பைத் துளைக்கும், வடக்கே புல்தரை உறைந்து ஆட்டம் தள்ளிப்போகும். போதாக்குறைக்கு ஆறு நாடுகள் ரக்பி நடக்கும் காலம் அது. டப்ளினில் ரக்பி ஆட்டம் இருக்கும் வார இறுதியில் அறை வாடகை கேட்டாலே தலை சுற்றும். செப்டம்பர், அக்டோபரில் நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நிற்கும் சர்வதேச இடைவேளையும் அயர்லாந்துக் கோப்பைச் சுற்றுகளும் குறுக்கே வந்து லீக் ஆட்டமே இல்லாமல் போகலாம். ஏப்ரலில் வெளிச்சம் அதிகம், தரையும் தேறியிருக்கும். வடக்கே அது லீக்கின் உச்சக்கட்டம்: 12 அணிகளும் 33 ஆட்டம் முடித்தபின் மேல் ஆறு, கீழ் ஆறு என்று இரண்டாகப் பிரிந்து கடைசி ஐந்து ஆட்டங்கள் ஆடும். ஈஸ்டர் வார இறுதி கிடைத்தால் இன்னும் நல்லது. தெற்கில் புனித வெள்ளியன்றும் ஈஸ்டர் திங்களன்றும் ஆட்டம் வைப்பது வழக்கம்.

அடுத்து விசா. இதைப் படிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் வழியில் எல்லைச் சாவடி எதுவும் கிடையாது, பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் கவுண்டரும் கிடையாது. அதனால் விசாவே வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தப்பு. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அயர்லாந்து விசா மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போவது சட்டப்படி குற்றம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டத்தில் இந்தியாவும் சீனாவும் மட்டும்தான் இருக்கின்றன. இந்தியாவில் விண்ணப்பித்து வாங்கும் அயர்லாந்தின் குறுகிய கால விசாவில் பிஐவிஎஸ் (BIVS) என்று அச்சாகியிருந்தால், முதலில் அயர்லாந்தில் இறங்கிவிட்டு, அதே விசாவில் பெல்ஃபாஸ்ட் போகலாம். ஒருமுறை நுழைவுக்கான கட்டணம் 60 யூரோ. விசா கைக்கு வந்ததும் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை இல்லை, இரண்டு விசா வேண்டும். அயர்லாந்தில் வேலை செய்துகொண்டு அந்நாட்டு வசிப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியர்களும் பிரிட்டன் விசா எடுத்துத்தான் ஆக வேண்டும். டெர்ரி சிட்டி 1985இலிருந்து தெற்கு லீக்கில் ஆடும் அணி, ஆனால் அதன் பிராண்டிவெல் மைதானம் இருப்பது வடக்கில். அந்த ஆட்டத்துக்குப் போனாலும் இதே விதிதான்.

இனி வெள்ளிக்கிழமை. டப்ளினிலேயே நான்கு பெரிய அணிகள். பெரும்பாலான வெள்ளிகளில் ஒன்றிரண்டாவது சொந்த மண்ணில் ஆடும்.

மனம் கேட்பது டாலிமவுண்ட் பார்க். 1890இல் தொடங்கிய போஹிமியன்ஸ், முழுக்க ரசிகர்களுக்கே சொந்தமான கிளப். குடியிருப்பு வீடுகளுக்குப் பின்னால், சந்துக்குள் நுழைந்து போக வேண்டிய மைதானம். உயரமான பழைய விளக்குக் கம்பங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்துவிடலாம். பாப் மார்லி 1980 ஜூலையில் பாடியது இந்தப் புல்தரையில்தான். பாதி இடத்தை மூடி வைத்திருக்கிறார்கள், கட்டடம் தேய்ந்து கிடக்கிறது, ஆனால் சத்தம்! தீவிலேயே இதற்கு இணை இல்லை. லுவாஸ் டிராமின் பச்சைத் தடத்தில் ஃபிப்ஸ்பரோவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். சிக்கல் டிக்கெட்தான். உறுப்பினர்கள் வாங்கியது போக மிஞ்சுவதுதான் பொது விற்பனைக்கு வரும், வந்த வேகத்தில் தீர்ந்தும் போகும். இன்னொரு டப்ளின் அணியான ஷாம்ராக் ரோவர்ஸோடு மோதும் டெர்பிக்கு (ஒரே ஊர்ப் போட்டியாளர்கள் மோதும் ஆட்டம்) வெளியூர்க்காரருக்கு டிக்கெட் கிடைக்கும் என்று நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். அந்த மோதலை 2025 பிப்ரவரியில் அவீவா ஸ்டேடியத்தில் வைத்தபோது 33,208 பேர் வந்தார்கள் என்றால் கிராக்கியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் நிச்சயம் வேண்டும் என்பவர்களுக்கு டாலா ஸ்டேடியம். ஷாம்ராக் ரோவர்ஸ் 1987இல் தன் பழைய மைதானத்தை இழந்து, 22 ஆண்டு ஊர் ஊராக அலைந்து, 2009இல் இங்கே குடியேறியது. நான்கு பக்கமும் இருக்கை, பத்தாயிரத்துக்கு மேல் கொள்ளளவு. சிவப்புத் தடத்து லுவாஸில் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். நகர மையத்திலிருந்து முக்கால் மணி நேரத்தைக் கணக்கில் வையுங்கள். காற்று விளாசும். கால்பந்தின் தரத்துக்காகப் போகிறவர்கள் இங்கேதான் போக வேண்டும். 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு பட்டம், 2025இல் லீக்கும் கோப்பையும் சேர்த்து இரட்டை வெற்றி.

நடுவில் 2024 பட்டத்தைப் பறித்த ஷெல்போர்ன் ஆடுவது டிரம்காண்ட்ராவின் டோல்கா பார்க்கில். 18 வருடக் காத்திருப்புக்குப் பின், கடைசி நாளில் டெர்ரியில் போய் 1-0 என வென்று வாங்கிய பட்டம் அது. விமான நிலையத்திலிருந்து வரும் 16, 41 பேருந்துகள் இந்த வழியாகத்தான் போகின்றன. வெள்ளி மதியம் தரையிறங்குகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெடிக்கின் ரிச்மண்ட் பார்க் இஞ்சிகோரில், சின்னது, நெருக்கமானது, அழகானது.

தரம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரிஷ் சிறுவர்கள் 18 வயது ஆகும் வரை இங்கிலாந்து கிளப்புகளில் சேர முடியாது. முன்பெல்லாம் 16 வயதில் கப்பல் ஏறிய திறமைசாலிகள் இப்போது உள்ளூரிலேயே பெரியவர்களோடு மோதி வளர்கிறார்கள். செயின்ட் பாட்ரிக்ஸில் ஆடிய மேசன் மெலியா டாட்டன்ஹாமுக்குப் போனது இப்படித்தான். நாளைய பிரீமியர் லீக் ஆட்டக்காரனை 20 யூரோவுக்குள், தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

டிக்கெட் வாங்கும் முறை: கிளப்பின் சொந்த இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். நம்மூர் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும், அங்கே போய் வாங்கினால் ஓடிபி வர இந்திய சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளியூர் அணி ரசிகர்களுக்கான பகுதி என்று போட்டிருப்பதைத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். டப்ளின் போக்குவரத்துக்கு, முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கும் லீப் அட்டை. 2 யூரோவில் 90 நிமிடத்துக்குள் பேருந்து, டிராம் மாறி மாறி ஏறலாம். அட்டை இல்லாமல் பேருந்தில் ஏறினால் நாணயம் மட்டும்தான், சில்லறை திருப்பித் தரமாட்டார்கள்.

டப்ளின் தங்குமிடம் கையைக் கடிக்கும். அதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது, ஏனோ யாரும் யோசிப்பதில்லை. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் எண்டர்பிரைஸ் ரயில் டிரோஹெடாவிலும் டண்டாக்கிலும் நிற்கும். இரண்டு ஊரிலும் மேல் பிரிவு அணி இருக்கிறது. டிரோஹெடா 2024 கோப்பையை வென்ற அணி; டண்டாக் 2025இல் கீழ்ப்பிரிவை வென்று மேலே ஏறியது. வெள்ளி இரவு டண்டாக்கின் ஓரியல் பார்க்கில் ஆட்டம் பார்த்துவிட்டு அங்கேயே தங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், தரை செயற்கைப் புல் என்பதால் மழைக்கும் பயமில்லை. மறுநாள் காலை ரயிலேறும்போது பெல்ஃபாஸ்ட் பாதி வழிக்கு வந்திருக்கும். டப்ளின் அறை வாடகைக்குப் பயப்படுகிற எல்லோருக்கும் இதுதான் என் முதல் சிபாரிசு.

எண்டர்பிரைஸ் இப்போது ஏறக்குறைய மணிக்கொன்று. டப்ளின் கானலியிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிராண்ட் சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் விலை குறையும். வார இறுதிகளில் பாதை வேலை என்று சொல்லி நடுவில் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், அப்போது நேரம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் 3 மணி ஆட்டத்துக்கு 1 மணிக்குள் பெல்ஃபாஸ்ட் சேரும் ரயிலைப் பிடியுங்கள். திரும்புவதற்கு விரைவுப் பேருந்துகள் உண்டு. அவை டப்ளின் விமான நிலையத்திலும் நிற்பதால் நள்ளிரவு விமானக்காரர்களுக்கு ரயிலைவிட அதுவே நல்லது.

பெல்ஃபாஸ்டில் எங்கே போவது? லின்ஃபீல்ட் 2025 வரை 57 பட்டம் வென்ற ராட்சத அணி, ஆடுவது தேசிய மைதானமான வின்ட்சர் பார்க்கில். வசதியெல்லாம் பிரமாதம். ஆனால் 18,000 பேர் உட்காரும் இடத்தில் சாதாரண சனிக்கிழமைக்கு வரும் கூட்டம் காணாமல் போய்விடும். இன்னொரு பெல்ஃபாஸ்ட் அணியான கிளென்டோரனோடு டெர்பி என்றால் மட்டும் போங்கள்.

போக வேண்டிய இடம் கிளென்டோரனின் தி ஓவல். 1941 மே மாத ஜெர்மன் குண்டுவீச்சில் தரைமட்டமாகி, 1949இல்தான் மீண்டும் திறந்தார்கள். அந்தக் காலத்துக் கேலரி, பின்னணியில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் தளத்தின் இரண்டு மஞ்சள் ராட்சதக் கிரேன்கள், பக்கத்து விமான நிலையத்திலிருந்து தலைக்கு மேலே ஏறும் விமானங்கள். டைட்டானிக் கட்டிய ஊரின் தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவே கால்பந்து எப்படி வளர்ந்தது என்று அருங்காட்சியகத்தைவிட இந்தக் கேலரி தெளிவாகச் சொல்லும். பேங்கர் வழி ரயிலில் சிடனம் நிலையத்தில் இறங்கிச் சுமார் பத்து நிமிட நடை. ஜி1 கிளைடர் பேருந்திலும் வரலாம். டிக்கெட்டை நிறுத்தத்து இயந்திரத்தில் ஏறும் முன்பே எடுக்க வேண்டும்.

மழைக்காலம், உறைபனிக் காலம் என்றால் கணக்கே வேறு. சனி காலை நடுவர் வந்து தரையைப் பார்த்து, ஆடத் தகுதியில்லை என்று சொன்னால் பயணமே வீண். ஆகவே செயற்கைப் புல் மைதானம் ஒன்றை மாற்றாகக் குறித்து வையுங்கள். 1879இல் தொடங்கிய, தீவின் மிகப் பழைய கிளப்பான கிளிஃப்டன்வில்லின் சாலிட்யூட், க்ரூசேடர்ஸின் சீவியூ, லார்னின் இன்வர் பார்க் மூன்றும் அப்படிப்பட்டவை. லார்னுக்குக் கடலோரமாகவே போகும் ரயில் ஒரு மணி நேரம், அந்தப் பாதைக்காகவே போகலாம். கிளம்பும் முன் கிளப்பின் சமூக வலைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

உடை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பெல்ஃபாஸ்டில் ஸ்காட்லாந்து அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் ஜெர்சி போடவே கூடாது. அங்கே நிறம் என்பது மதமும் அரசியலும் கலந்தது. டாலிமவுண்டுக்குப் பச்சை-வெள்ளை வரி போட்டுப் போகாதீர்கள், அது ஷாம்ராக் ரோவர்ஸின் நிறம். நிறம் தெரியாத மழைக்கோட்டு, உள்ளே இரண்டு அடுக்கு. குடை விரித்தால் பின்னால் நிற்பவர் சண்டைக்கு வருவார்.

சாப்பாடு? மைதானத்து வண்டிகளில் பர்கர், சிப்ஸ். அந்தக் குளிரில் மஞ்சள் குழம்பு ஊற்றிய சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் (கர்ரி சிப்ஸ் என்பார்கள்) அமிர்தம். நம்ம குழம்பை எதிர்பார்க்காதீர்கள், லேசான இனிப்பு. சைவர்கள் கவனிக்க: பழைய பாணிக் கடைகளில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். பணம் மிச்சம் பிடிக்க, பெட்டிக்கடை மாதிரித் தெருவுக்குத் தெரு இருக்கும் சென்ட்ரா, ஸ்பார் கடைகளில் சிக்கன் ஃபில்லெட் ரோல் வாங்கினால் ஒரு வேளைக்குத் தாராளம்.

வடக்கில் யூரோ செல்லாது, பவுண்ட்தான். சில கடைகள் வாங்கிக்கொண்டாலும் மாற்று விகிதத்தில் அடி விழும். அட்டையிலேயே செலவழியுங்கள். ரொக்கம் எடுத்தால் வட அயர்லாந்து வங்கிகள் அச்சிட்ட நோட்டு வரும். அதைத் திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள்; சென்னையில் மாற்ற முயன்றால் கடைக்காரர் வாங்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டுவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வியாழனன்று ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் இருக்கும் அணிகளின் வெள்ளி ஆட்டம் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். ஆகஸ்டில் போகிறவர்கள் ஷாம்ராக் ரோவர்ஸ், ஷெல்போர்ன் இரண்டின் அட்டவணையையும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி பாருங்கள். விமானத்தைத் திங்கள் காலைக்குப் போட்டிருந்தால் மூன்றாவது ஆட்டமும் கிடைக்கும்.