இரண்டாவது பேட்டரிக்கு இடம் மட்டும்

வீட்டுக்கு சோலார் போடுவது என்று முடிவெடுத்த பிறகு எனக்குத் தொற்றிய வியாதி, விலை நிலவரம் பார்ப்பது. 2021-இல் பேனலின் மூலப்பொருளான பாலிசிலிக்கான் விலை ஏறியபோது பேனல் விலையும் கூடவே ஏறியது; 2023-இல் உற்பத்தி மிதமிஞ்சிப் போய் இரண்டும் சரிந்தன. பேட்டரியின் மூலப்பொருளான லித்தியம் கார்பனேட்டும் 2022 இறுதியில் உச்சத்துக்குப் போய், அடுத்த ஆண்டே கீழே வந்தது. இதையெல்லாம் படித்தால், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றுதான் தோன்றும். 2024 டிசம்பரில் பேனலையும் பேட்டரியையும் ஏற்றுமதி செய்பவர்களுக்குத் திருப்பித் தரும் வரியை சீனா 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைத்த செய்தியைப் படித்தாலோ, விலை ஏறுமுன் இன்றே வாங்கிவிட வேண்டும் என்று பரபரக்கும். இப்படியே போனால் கூரை காலியாகத்தான் கிடக்கும்.

வழி பிறந்தது விலைப்புள்ளிகளை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான். பேனல் என்பது மொத்தத்தில் ஒரு பங்கு, அவ்வளவே. தாங்கு சட்டம், கேபிள், பாதுகாப்பு சுவிட்சுகள், ஆள்கூலி இவை எல்லாம் சிலிக்கான் விலையைப் பார்த்து இறங்குவதில்லை. 'முழு அமைப்பு' என்று ஒரே வரியில் தொகையை எழுதியிருந்தவரிடம் பிரித்துத் தரும்படி கேட்டேன். மழுப்பினார். அவரை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆகவே விலையைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, பிறகு மாற்ற முடியாதது எது, மாற்றக்கூடியது எது என்று பிரித்துக்கொண்டேன். கூரையில் பேனல் வரிசை மாற்ற முடியாதது. ஓரிரு ஆண்டுகளில் அதே அளவு, அதே வாட் பேனல் கிடைப்பது அரிது. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த ஒரே தொடரில் வேறு மின்னோட்டம் கொண்ட பேனலைச் சேர்த்தால் பலவீனமானது மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கும். அதனால் கூரையை முதலிலேயே நிரப்பினேன். சுவருக்குள் போகும் குழாயையும் கேபிளையும் பெரிதாகவே போடச் சொன்னேன். சுவரை மறுபடி உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

தள்ளிப்போடக்கூடியது பேட்டரி. விற்பவர்கள் பரிந்துரைத்தது 10 கிலோவாட் மணி. எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும் என்று, பொழுது சாயும்போதும் விடிந்ததும் எண்களைக் குறித்துவந்தேன். இரவுச் செலவு நான்கு யூனிட்டை, அதாவது நான்கு கிலோவாட் மணியை, சுற்றியே இருந்தது. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 5.12 கிலோவாட் மணி. அதில் 90 சதவீதத்தைப் பயன்படுத்தினாலும் 4.6 வரும். ஒன்று போதும். ஆனால் கொள்ளளவு வேறு, ஒரே நேரத்தில் தரக்கூடிய திறன் வேறு: இந்த அளவு பேட்டரி தொடர்ந்து 2.5 கிலோவாட் தருவதாக இருந்தால், வாட்டர் ஹீட்டரும் மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது தாங்காது. அந்த இரண்டையும் பகலுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வேண்டுமானால் பின்னால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம் சார்" என்றார் பொருத்துநர். இந்த 'சேர்த்துக்கொள்ளலாம்' அவ்வளவு எளிதல்ல. சேர்ப்பது அதே நிறுவனத்தின், அதே வரிசைப் பேட்டரியாக இருக்க வேண்டும். அதற்குள் அந்த மாடலே நின்றுபோயிருக்கலாம். தேய்ந்த பழையதோடு புதியதை இணைக்கவும் சில நிறுவனங்கள் காலக்கெடு வைக்கின்றன. அதனால் எந்தெந்தப் பேட்டரிகளோடு வேலை செய்யும் என்று சொல்லும் இன்வெர்ட்டரின் பொருத்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்டு வாங்கினேன். பல நிறுவனங்களின் பேட்டரிகளை ஏற்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை (பேனல், பேட்டரி இரண்டையும் கையாள்வது) தேர்ந்தேன். விலை சற்றுக் கூடுதல்தான். இரண்டு நிறுவனங்களின் பேட்டரிகளை அதிலும் கலந்து மாட்ட முடியாது என்றாலும், மொத்தமாக மாற்றும் நாள் வந்தால் ஒரே கடைக்காரரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது ஒரே ஒரு தொடரில்: 'குறிப்பிட்ட மாடல் அல்லது அதற்கு இணையானது'. விலை ஆடும் காலத்தில் இந்த 'இணையானது' எதையும் குறிக்கும். வாட் குறையக் கூடாது, உத்தரவாத ஆண்டுகள் குறையக் கூடாது, அளவு மாறினால் வரைபடத்தைத் திருத்தி என் ஒப்புதல் பெற வேண்டும் என்று பேனாவாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முன்பணம் கட்டிய நாளின் விலையே இறுதி என்பதையும் சேர்த்தேன். நினைத்தபடியே, கேட்ட பேனல் கையிருப்பில் இல்லையென்று வேறொன்று வந்தது. வாட் கூடுதல், நீளமும் கூடுதல். கூரை ஓரத்தில் நடப்பதற்கு விட்ட இடத்தை அது விழுங்கியிருக்கும். தாங்கு சட்டத்தில் துளை போடும் முன்பே வரைபடம் திருத்தப்பட்டது.

இரண்டாவது பேட்டரியை இன்னும் வாங்கவில்லை. விலை இறங்கியிருக்கிறது என்று அவ்வப்போது அழைப்பு வருகிறது. மேகமூட்டமான மாதங்களின் கணக்கு கைக்கு வராமல் அதைப் பேசுவதாக இல்லை. அந்த நாட்களில் இருக்கிற ஒன்றே நிரம்பாவிட்டால், இரண்டாவதை எதைக் கொண்டு நிரப்புவது?