காமா கதிர் தாள்: வாயுவை மறந்தால் மதிப்பெண் போச்சு

ரிசல்ட் வந்தாயிற்று, தேறியும் ஆயிற்று. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். உயர் ஆற்றல் வானியற்பியல் தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. விண்மீன் உருவாகும் பகுதிகளில் காஸ்மிக் கதிர்கள் (பெரும்பாலும் புரோட்டான்களான அதிவேகத் துகள்கள்) முடுக்கப்படுவதும் அங்கிருந்து வரும் காமா கதிர்களும் என்ற பாடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலருக்கும் அடி விழுவது இதில்தான்.

காமா கதிர் பிரகாசமாகத் தெரிந்தால் அங்கே காஸ்மிக் கதிர் அடர்த்தி அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். தப்பு. புரோட்டான் மோத வாயு வேண்டும். மோதினால்தான் நடுநிலை பையான் என்ற குறுவாழ்வுத் துகள் பிறக்கும், அது சிதைந்தால்தான் இரண்டு காமா ஃபோட்டான்கள் வரும். ஆக, பிரகாசம் என்பது காஸ்மிக் கதிர் அடர்த்தியையும் வாயு நிறையையும் பெருக்கி வருவது. வரைபடம் கொடுத்தால் முதல் வேலை, வாயு நிறையால் வகுப்பது. விடைத்தாளின் முதல் வரியிலேயே வாயு அடர்த்தியை எழுதி வட்டம் போட்டுவிடுங்கள். எனக்கு இந்தத் தாளில் கைகொடுத்தது அந்த வட்டம்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு விண்மீன் கொத்தைச் சுற்றிய பகுதி. 1 டெரா எ.வோ.க்கு (லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்) மேல் காமா ஒளிர்திறன் விநாடிக்கு 10³⁴ எர்க். வாயு அடர்த்தி கன செ.மீ.க்கு 30 துகள். பகுதியின் ஆரம் 50 பார்செக் (1 பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு).

மோதலில் புரோட்டான் ஆற்றல் இழக்கும் காலம், அடர்த்தி 1 என்றால், சுமார் 5.3 கோடி ஆண்டு, அதாவது 1.7×10¹⁵ விநாடி. 30-ஆல் வகுத்தால் 5.6×10¹³ விநாடி. இழக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் காமாவாகும். எனவே புரோட்டான்களின் மொத்த ஆற்றல் 3 × 10³⁴ × 5.6×10¹³ = 1.7×10⁴⁸ எர்க்.

பாதிப் பேர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் "இதற்கான ஆற்றலைக் கொத்து தர முடியுமா" என்பதுதான் கேள்வியின் மறுபாதி. 1 டெரா எ.வோ. காமாவுக்குச் சுமார் 10 டெரா எ.வோ. புரோட்டான் தேவை. நம் பால்வெளியின் வழக்கமான விரவல் குணகம் (துகள்கள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) அந்த ஆற்றலில் விநாடிக்கு 6×10²⁹ சதுர செ.மீ. அளவில் இருக்கும். ஆரத்தின் வர்க்கத்தை அந்தக் குணகத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 10¹⁰ விநாடி. 300 ஆண்டில் புரோட்டான் வெளியே ஓடிவிடுகிறது! அந்த இழப்பை ஈடுகட்ட விநாடிக்கு 1.7×10³⁸ எர்க் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கொத்தின் கையிருப்பு எவ்வளவு? ஆண்டுக்கு சூரிய நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை விநாடிக்கு 2,500 கி.மீ. வேகத்தில் வீசும் ஒரு விண்மீன் காற்றின் திறன் விநாடிக்கு 2×10³⁶ எர்க். அப்படி நூறு விண்மீன் இருந்தால் 2×10³⁸. கிட்டத்தட்ட முழுக் காற்றையும் காஸ்மிக் கதிராக்க வேண்டும், அது நடக்காது. விரவல் நூறு மடங்கு மெதுவானால் 1 சதவீதம் போதும். காந்தப்புலக் கொந்தளிப்பு புரோட்டான்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் விடை. சிக்னஸ் கக்கூனுக்கு (சிக்னஸ் திசையில் விண்மீன் கொத்தைச் சூழ்ந்த காமா குமிழி) சொல்லப்படும் வாதமும் இதுவே. 30-ஆல் வகுக்க மறந்தவருக்கு விநாடிக்கு 5×10³⁹ எர்க் வரும். நூறு விண்மீன் அல்ல, இரண்டாயிரத்துக்கு மேல் தேவைப்படும்.

வாயு நிறையைக் கணக்கிடும்போது 21 செ.மீ. ஹைட்ரஜன் வரியையும் 2.6 மி.மீ. கார்பன் மோனாக்சைடு வரியையும் எல்லாரும் எழுதுகிறார்கள். அயனியான வாயுவை விட்டுவிடுகிறார்கள். கொத்தைச் சுற்றியிருக்கும் வாயுவைச் சூடான விண்மீன்களின் புறஊதா ஒளி அயனியாக்கியிருக்கும். அதைச் சேர்க்காவிட்டால் நடுப்பகுதியில் காஸ்மிக் கதிர் அடர்த்தி போலியாக ஏறித் தெரியும். அப்புறம் "மையத்திலிருந்து தூரத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது, ஆகவே தொடர்ந்து உட்செலுத்தல்" என்று எழுதுவீர்கள், அடிப்படையே ஆட்டம் காணும். சீராக இருந்தால் பழைய ஒற்றை வெடிப்பு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மற்றவை சட்டென்று:

- ஹில்லாஸ் வரம்பில் (ஒரு மூலம் துகளுக்குத் தரக்கூடிய அதிகபட்ச ஆற்றல்) காந்தப்புலம், ஆரம், மின்னூட்டம் மட்டும் போதாது, அதிர்ச்சி அலை வேகத்தை ஒளி வேகத்தால் வகுத்ததும் வேண்டும். 10 மைக்ரோகாஸ், 10 பார்செக், விநாடிக்கு 2,500 கி.மீ.: விடை புரோட்டானுக்கு 0.8 பெட்டா எ.வோ. (1 பெட்டா = 1,000 டெரா). வேகத்தை விட்டால் 90-க்கு மேல் வரும்.
- பையான் உருவாகப் புரோட்டானுக்கு 280 மெகா எ.வோ. இயக்க ஆற்றல் வேண்டும்.
- பையான் சிதைவு தரும் 67.5 மெகா எ.வோ. உச்சம் ஃபோட்டான் எண்ணிக்கை நிறமாலையில்தான். ஆற்றலின் வர்க்கத்தால் பெருக்கிய படத்தில் அதைத் தேடாதீர்கள். இந்தப் பையான் அடையாளத்தை ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி 2013-இல் ஐசி 443, டபிள்யூ44 சூப்பர்நோவா எச்சங்களில் காட்டியது.
- 100 டெரா எ.வோ. எலக்ட்ரான் 10 மைக்ரோகாஸ் புலத்தில் ஆயிரம் ஆண்டு அளவில் ஆற்றலை இழந்துவிடும். காமாவுக்குக் காரணம் எலக்ட்ரான் என்று சொன்னால் பக்கத்தில் புது மூலத்தைக் காட்டுங்கள்.
- காஸ்மிக் கதிர்களில் நியான்-22க்கும் நியான்-20க்கும் உள்ள விகிதம் சூரியக் குடும்பத்தைப் போல் சுமார் 5 மடங்கு. வுல்ஃப்-ரயே விண்மீன்களின் (முதிர்ந்த நிறைமிகு விண்மீன்கள்) காற்றுக்கு இது நல்ல சாட்சி, எழுதுபவர்தான் குறைவு.

ஆண்டுகள் குழம்பும்: கக்கூனை ஃபெர்மி சொன்னது 2011, ஹாக் ஆய்வகம் 100 டெரா எ.வோ. வரை நீட்டியது 2021. சிக்னஸ் திசையிலிருந்து 1.4 பெட்டா எ.வோ. ஃபோட்டானை சீனாவின் எல்ஹாசோ ஆய்வகம் அறிவித்ததும் 2021-தான். அதே திசையில் காமா கதிர் வீசும் பல்சர்களும் (சுழன்று துடிக்கும் நியூட்ரான் விண்மீன்கள்) காமா சிக்னி சூப்பர்நோவா எச்சமும் நிற்கின்றன. பல்சர் துடிக்காத கட்டத்து ஃபோட்டான்களை மட்டும் பிரித்தெடுப்பதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

வாயுவால் வகுக்கும் என் விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் கேட்பார்கள். 2009-இல் காமாவில் பிடிபட்ட எம்82, என்ஜிசி 253 போன்ற, விண்மீன்கள் மிக வேகமாகப் பிறக்கும் (ஸ்டார்பர்ஸ்ட்) விண்மீன் மண்டலங்கள். அடர்த்தி 200 என்றால் இழப்புக் காலம் 2.6 லட்சம் ஆண்டு. புரோட்டானைச் சுமந்து வெளியேறும் விநாடிக்கு 500 கி.மீ. வேகக் காற்று 100 பார்செக்கைக் கடக்க 2 லட்சம் ஆண்டு. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அடர்த்தி இன்னும் பல மடங்கு ஏறினால் புரோட்டான் தப்புவதற்குள் எல்லா ஆற்றலையும் இழந்துவிடும். அங்கே வாயுவைக் கூட்டினாலும் பிரகாசம் ஏறாது, உட்செலுத்தும் திறன் மட்டுமே ஒளிர்திறனைத் தீர்மானிக்கும். அந்தக் கேள்வியில் வாயுவால் வகுக்காதீர்கள்.