42 நொடிக்கு ஒரு தடுக்கல்

ஜூன் 3

தொலைக்காட்சியோடு இணைத்திருக்கும் கணினியில் உயர் துல்லியப் படங்கள் ஒரு வாரமாகத் திக்கித் திக்கி ஓடுகின்றன. ஒலி எங்கும் அறுபடவில்லை. படம் மட்டுமே தடுமாறுகிறது. கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும் காட்சிகளில் கட்டடங்களின் விளிம்புகள் துள்ளுவதை ஒருமுறை கவனித்துவிட்டால், அதன் பிறகு கதையில் மனம் ஒன்றுவதில்லை. 720 பி கோப்புகள் ஓரளவு சரளமாகவே ஓடுகின்றன. அவற்றைவிடத் துல்லியம் கூடிய 1080 பி கோப்புகளில்தான் தொல்லை.

ஜூன் 4

படக் கோப்புகள் வலையமைப்பு வழியே வருவதால் முதலில் அதைச் சந்தேகித்தேன். ஆனால் ப்ளூ-ரே வட்டிலேயே படத்துக்கான உச்சவரம்பு நொடிக்கு 40 மெகாபிட்தான்; என் கேபிள் 100 மெகாபிட் தாங்கும். உறுதி செய்துகொள்வதற்காக ஒரு கோப்பைக் கணினியின் உள் வட்டுக்கே நகலெடுத்து ஓட்டினேன். அதே தடுமாற்றம்.

ஜூன் 6

இன்று பெரும்பகுதி விளங்கியது. படம் ஓடும்போது பிளேயரின் புள்ளிவிவரத்தைத் திரையில் வரவழைத்துப் பார்த்தால், கைவிடப்பட்ட ஃபிரேம்களின் (காட்சியாக ஓடும் தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. பிராசசரின் நான்கு கோர்களும் ஏறக்குறைய முழுச்சுமையில் இருந்தன. கிராபிக்ஸ் சிப்பில் எச்.264 முறையில் சுருக்கப்பட்ட படங்களை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்க, அந்த வேலை முழுவதையும் பிராசசர் சுமந்துகொண்டிருந்தது. சென்ற வாரம் பிளேயரைப் புதிதாக நிறுவியபோது வன்பொருள் டிகோடிங் அமைப்பை, அதாவது விரிக்கும் வேலையை அந்தச் சுற்றிடம் ஒப்படைக்கும் அமைப்பை, இயக்க மறந்திருக்கிறேன். அதை இயக்கியதும் பிராசசரின் சுமை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. எண்ணிக்கையும் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது.

ஆயினும் அந்தப் பக்கவாட்டுக் காட்சி இன்னும் மெல்ல அதிர்கிறது.

ஜூன் 7

ஒரு ஃபிரேம்கூட விடுபடாதபோதும் படம் ஏன் அதிர வேண்டும் என்ற கேள்விக்கு விடை திரையில் இருந்தது. திரைப்படம் நொடிக்கு 23.976 ஃபிரேம், என் திரையோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 60-ஐ அந்த எண்ணால் சமமாகப் பங்கிட முடியாது என்பதால், ஒரு ஃபிரேம் இரண்டு புதுப்பிப்புகளுக்கும் அடுத்தது மூன்று புதுப்பிப்புகளுக்குமாக, அதாவது 33 மில்லிநொடியும் 50 மில்லிநொடியுமாக மாறி மாறித் திரையில் தங்குகின்றன. சீராக நகர வேண்டிய காட்சி நொண்டுகிறது. 720 பி கோப்புகளை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். அவற்றிலும் இதே நொண்டல் உண்டு. பெரிய தடுமாற்றம் சிறியதை இத்தனை நாள் மறைத்திருக்கிறது.

திரையை 24 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 24 புதுப்பிப்புகளுக்கு, மாற்றினேன். காட்சி வழுக்கிக்கொண்டு சென்றது. பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

ஜூன் 8

மகிழ்ச்சி முழுமையாகவில்லை. எப்போதோ ஒருமுறை படம் சட்டென்று ஒரு கணம் நின்று நகர்கிறது. நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்தேன்: ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை, தவறாமல். இவ்வளவு ஒழுங்காக வரும் பிழை சுமையால் வருவதாக இருக்க முடியாது என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23.976 என்று சுருக்கி எழுதுவது உண்மையில் 24000-ஐ 1001-ஆல் வகுத்த ஈவு. 1001 நொடியில் படம் தருவது 24000 ஃபிரேம். 24 ஹெர்ட்ஸ் திரை கேட்பதோ 24024. குறையும் 24 இடங்களை ஏதேனும் ஒரு ஃபிரேமை இருமுறை காட்டித்தான் நிரப்ப முடியும். 1001-ஐ 24-ஆல் வகுத்தால் 41.7 நொடி. கடிகாரம் சொன்னதும் இதுதான்.

ஜூன் 9

திரை அமைப்புகளின் பட்டியலில் 24-க்கு அருகே 23 ஹெர்ட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கிறது. பொருந்தாத எண் என்று இதுவரை ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் 23.976-ஐத்தான் விண்டோஸ் அவ்வாறு பின்னத்தை வெட்டிக் காட்டுகிறது. அதைத் தேர்ந்தெடுத்து அரை மணிநேரம் ஓட்டினேன். ஒரு தடுக்கலும் இல்லை. படத்துக்கேற்பத் திரையின் வேகத்தைத் தானாக மாற்றும் அமைப்பையும் பிளேயரில் இயக்கியிருக்கிறேன். 25 ஃபிரேம் கோப்பு ஒன்றைத் தொடங்கியதும் திரை ஒரு கணம் இருண்டு 50 ஹெர்ட்ஸுக்கு மாறிக்கொண்டது.