பனிப்பாளத்தின் மேல் ஒரு வேலை

உறைந்த ஏரிக்கு அடியில் ஸ்கூபா டைவிங் செய்பவர்களின் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீல வெளிச்சம், தலைக்கு மேலே பனிக்கூரை, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு நகரும் வெள்ளிக் குமிழிகள். அந்தப் படங்களில் வராத ஒருவர் உண்டு. மேலே, துளையின் ஓரத்தில், டைவரின் உடம்பிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். டெண்டர் என்று சொல்வோம். குளிர்காலந்தோறும் நான் பார்க்கும் வேலை அது. நானும் கீழே போயிருக்கிறேன், அந்த அழகு எனக்கும் தெரியும். ஆனாலும் என்னைக் கேட்டால், இந்த டைவிங்கில் சரிபாதி பனிக்கு மேலேதான் நடக்கிறது என்பேன்.

ஏரிக்குப் போனதும் யாரும் உடை மாற்ற அவசரப்படக் கூடாது. முதலில் பனியை அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டுமல்லாமல் பல இடங்களில் துளை போட்டு, அளவுகோலை விட்டுப் பார்ப்போம். ஒரே ஏரியில் நடுவே ஒரு தடிமன் இருக்கும், ஓடை வந்து சேரும் இடத்தில் வேறு தடிமன் இருக்கும். ஒரு ஆள் நடக்க 10 சென்டிமீட்டர் தெளிவான பனி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சிலிண்டர்களையும் கூடாரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு குழுவே மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதற்கு அது போதாது. நிறத்தையும் பார்க்க வேண்டும். மேலே விழுந்த பனித்தூள் நனைந்து உறைந்தால் பால்போல் வெளுத்த பனி உண்டாகும். தெளிவான பனியின் பாதி வலுதான் அதற்கு என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

துளையை முக்கோணமாக அறுப்போம், பக்கத்துக்குச் சுமார் 2 மீட்டர். மூலையில் இரண்டு விளிம்புகளும் நெருங்கி வருவதால், களைத்து வரும் டைவர் கைகளை இருபுறமும் ஊன்றி எழும்பலாம். 30 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் அந்த முக்கோணப் பாளம் 475 கிலோ அளவுக்குக் கனக்கும். அதனால் அதைத் துண்டுகளாக அறுத்து, திருகாணி இறக்கி, கயிறு கட்டி வெளியே இழுத்துப் போடுவோம். ரம்பத்தின் சங்கிலிக்கு ஊற்றுவது தாவர எண்ணெய்தான். அந்தத் தண்ணீரில்தான் ஆள் இறங்கப் போகிறார், மீன்களும் அங்கேதான் இருக்கின்றன. அப்புறம் துளையைச் சுற்றிப் பனித்தூளை வாரி, வட்டமும் அதிலிருந்து விரியும் கோடுகளும் போடுவோம். கோடுகளில் துளையை நோக்கி அம்புக்குறிகள் இருக்கும். தூள் அகன்ற இடங்களில் வெளிச்சம் இறங்குவதால், கீழிருந்து பார்ப்பவருக்கு அவை பளிச்சென்ற வரிகளாகத் தெரியும்.

இனி கயிறு. அதன் ஒரு முனையைப் பனியில் இறக்கிய திருகாணியில் கட்டியிருப்போம். மறுமுனை டைவரின் ஹார்னஸில் பூட்டப்பட்டிருக்கும். அந்த ஹார்னஸை மற்றக் கருவிகளுக்கு அடியில், உடம்போடு தனியாக மாட்ட வேண்டும். சிலிண்டரையே கழற்ற நேர்ந்தாலும் கயிறு கழலக் கூடாது. நடுவில் என் கை. தளர விட்டால் சைகை வந்து சேராது, இறுக்கிப் பிடித்தால் அவரால் நீந்த முடியாது. எங்கள் குழுவில் ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் திரும்புகிறேன், கயிற்றைச் சேர்த்துக்கொள். நான்கோ அதற்கு மேலோ வந்தால் உடனே இழு. வேறு குழுக்களில் வேறு வழக்கம் இருக்கும். அதனால் பல வருடம் பழகியவராக இருந்தாலும், இறங்குமுன் நேருக்கு நேர் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வோம்.

பழகப் பழக, சைகைகளுக்கு இடையிலும் கயிற்றில் நிறையத் தெரியவரும். நிதானமாக நீந்துபவரின் துடுப்பு உதை சீரான மெல்லிய இழுவையாகக் கைக்கு வரும். எதையோ நின்று பார்க்கிறார் என்றால் கயிறு தொய்யும். ஒழுங்கில்லாத வெட்டுகள் வந்தால் ஏதோ சரியில்லை. நான் ஒரு இழுப்பு அனுப்பி, பதில் வராவிட்டால் இன்னொரு முறை அனுப்புவேன். அப்போதும் வராவிட்டால் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கயிற்றை இழுக்கத் தொடங்குவேன், பக்கத்தில் காத்திருக்கும் பாதுகாப்பு டைவரும் தயாராவார். இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது, டைவர் கீழே இருக்கும் நேரம் முழுவதும் வேறு யாரோடும் பேசாமல் இருப்பதைத்தான். டெண்டரிடம் கதை பேச வருபவர்களை நான் தயங்காமல் அனுப்பிவிடுவேன்.

குளிர்நீரில் அதிகம் பயப்பட வேண்டியது, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் உறைவதற்கு. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, ரெகுலேட்டரின் முதல் நிலையில், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டுமே அதிகமான அளவுக்கு இறங்குகிறது. அப்படிச் சட்டென்று விரியும் காற்று கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள தண்ணீரே 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போது உள்ளே பனி படிந்து, வால்வு திறந்தபடி நின்றுவிடலாம். காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும். ஐரோப்பியத் தரமான இஎன் 250-இன்படி 10 டிகிரிக்குக் கீழே இருப்பது குளிர்நீர், அதற்கான சோதனை 4 டிகிரியை ஒட்டி நடக்கிறது. பனிக்கு நேர் அடியில் இருப்பது அதையும்விடக் குளிர்ந்த தண்ணீர். கருவியில் முத்திரை இருக்கிறது என்று மட்டும் நம்பி இறங்குவது சரியில்லை. தனித்தனி வால்வுகளில் இரண்டு ரெகுலேட்டர்கள் இருக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே இருக்கும்போது அதில் மூச்சுவிடக் கூடாது, ஏனென்றால் மூச்சின் ஈரமே உறைந்துவிடும். தண்ணீர் புகாத உடையான டிரை சூட்டுக்குக் காற்று செலுத்தும்போது குட்டிக் குட்டியாகச் செலுத்த வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மீதி ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு.

ஒருமுறை என் கயிற்றில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இப்படி ரெகுலேட்டர் உறைந்துபோனது. பனிக்கு அடியில் காற்று திடீரென்று பெருகி ஓடி, துளையில் கொதிப்பதுபோல் வெளியே வந்தது. கயிற்றில் மூன்று இழுப்பு வந்தது. நான்கு வரவில்லை. அந்த வித்தியாசத்தை நான் மறக்கவே மாட்டேன். கொட்டிக்கொண்டிருந்த பக்கத்து வால்வைத் தானே மூடிவிட்டு, இரண்டாவது ரெகுலேட்டருக்கு மாறி, 'திரும்புகிறேன்' என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். நான் வெடுக்கென்று இழுக்காமல், அவள் நீந்தும் வேகத்துக்குக் கயிற்றைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். பாதுகாப்பு டைவர் முகக்கண்ணாடியை மாட்டி, கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இறங்க வேண்டி வரவில்லை. மேலே வந்தவளின் உதடுகள் மரத்துப்போய்ச் சொற்கள் குழறின, ஆனால் முகத்தில் பயம் இல்லை. பயிற்சிக்குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்த வால்வை எத்தனை முறை மூடித் திறந்து பழகியிருப்பாள்! அவளை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

பாதுகாப்பு டைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழு உடையோடு, குளிரில், பெரும்பாலும் இறங்காமலே நாளைக் கழிப்பவர் அவர். அவருடைய கயிறு மற்றவருடையதைவிட நீளம். கீழே இருப்பவரின் கயிறு எப்படியோ விட்டுப்போனால், அவர் பனிக்கூரைக்கு நேர் அடியில் எழும்பி, செங்குத்தாக நின்று காத்திருக்க வேண்டும். துளையைத் தேடி அலையக் கூடாது. பாதுகாப்பு டைவர் அவரைத் தாண்டிய தூரம்வரை போய், பனியை ஒட்டியே பெரிய வட்டமாக நீந்துவார். அந்தக் கயிறு கூரையை ஒட்டித் துழாவிக்கொண்டு வந்து, காத்திருப்பவர் மீது படும். இதை நாங்கள் ஒத்திகையாகச் செய்து பார்ப்போம். காத்திருக்கும் வேடம் போடும்போது நேரம் எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

இத்தனை பாடுபட்டுப் பார்க்கப் போவது எதை? முதலில், தெளிவு. காற்று அலை எழுப்புவதில்லை, கரையிலிருந்து சேறு வந்து கலப்பது குறைகிறது, பாசியும் கோடையைப்போல் வளர்வதில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்தக் கனத்த நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. அதனால்தான் இத்தனை குளிரிலும் கீழே மீன்கள் உயிரோடு இருக்கின்றன, மெதுவாக நகர்கின்றன. சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு, உலகத்திலேயே ஆழமான அந்த 1,642 மீட்டர் ஏரிக்கு, குளிர்காலக் கடைசியில் டைவர்கள் தேடிப் போவது அதன் கண்ணாடிப் பனிக்காகவும்தான். சிலர் தலைகீழாகத் திரும்பி, மிதப்பைக் கூட்டி, பனிக்கூரையின் அடிப்பக்கத்தில் காலூன்றி நடந்து பார்ப்பார்கள். அந்த நடையை நான் கயிற்றிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பனி அவ்வப்போது நீளமாக முழங்கும். வெயிலிலும் குளிரிலும் அது விரிந்து சுருங்கும் ஓசை அது. புதியவர்கள் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம். பல வருட ஆசையோடு வந்த ஒருவர், முழு உடையும் மாட்டி, துளையின் ஓரத்தில் கால்களைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு வேண்டாம்" என்றார். சரி என்று பூட்டுகளைக் கழற்றினோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குளிர்காலம் முழுவதிலும் நான் பார்த்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. பிற்பகலில் அவர் தானாக வந்து என் பக்கத்தில் நின்றார். அடுத்த டைவருக்கான கயிற்றை அவர் கையில் கொடுத்து, நானும் பின்னால் பிடித்துக்கொண்டேன். இழுப்புகளை வாய்விட்டு எண்ணினார். மாலையில் துளையைச் சுற்றிக் கம்புகள் நட்டுச் சிவப்புத் துணி கட்டும் வேலையிலும் சேர்ந்துகொண்டார். மறுநாள் காலையில், இறங்கலாமா என்று அவரே கேட்டார்.

அதற்குப் பிறகு, புதிதாக வரும் எல்லோரையும் முதல் நாள் கயிறு பிடிக்க வைக்கிறோம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. மேலே நிற்பவருக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பதை ஒரு நாள் நின்று பார்த்தவர்கள், மறுநாள் இறங்கும்போது கேட்காமலே அடிக்கடி ஒரு இழுப்பு கொடுத்துக்கொண்டு போகிறார்கள். இழுப்புகளும் ஒன்றோடொன்று குழம்பாமல், எண்ணக்கூடியபடி கைக்கு வருகின்றன.